அறுபதாவது பெயர்

அத்தியாயம் 17

போன வாரம், பள்ளி வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்ற இடத்தில் விட்டிருந்தோம். அதிலிருந்து இறங்கியது யார் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சொல்கிறேன். அதற்கு முன் அன்றைய காலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அன்று காலையில் தலைமை ஆசிரியை விக்டோரியாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்ததெல்லாம் ஒரே ஒரு மாணவிதான். மாணவனானாலும் சரி.

நெல்லிமேடு அரசு இணைப்பு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவதும் பத்தாவதும் மட்டும்தான். படிப்பை ஒரு தடவை விட்டவர்கள் திரும்பவும் தொடங்குகிற இடம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் முதுகுப்பக்கம், நான்கு அறை, ஒரு சமையல்கூடம், ஒரு வேப்பமரம். ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் அரசாங்கத்தின் எமிஸ் என்ற இணையப் பதிவில் அறுபது பேரைக் காட்டாவிட்டால் பள்ளியை மூடி, பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுன் பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று கடிதம் வந்திருந்தது. அன்றைக்கு ஜூலை முப்பத்தொன்று.

காலை ஒன்பது மணிக்கே சத்துணவு முத்தம்மா வந்து கதவோரம் நின்றாள்.

"டீச்சரம்மா, இன்னிக்கு எத்தினி முட்டை?"

"அம்பத்தொம்பது."

"நேத்தும் அதான சொன்ன?"

"நேத்தும் அதேதான்."

"ஒண்ணுக்கா இவ்ளோ பேஜாரு? என் பேரை எழுதிக்கோ. நானும் ஒம்பதாவதோட நின்னவதான்."

"உனக்கு வயசு அம்பத்தாறு, முத்தம்மா."

"கொறைச்சு எழுது. எவன் வந்து பாக்கப் போறான்?"

விக்டோரியா சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண் கலங்கியது. முத்தம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவளாக முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஐம்பத்தொன்பது பேர் யார் யார் என்று கேட்டால் பதிவேட்டின் வசிப்பிடப் பகுதியைப் பார்த்தாலே போதும். லைன் வீடு, காலனி, சூளை, லைன் வீடு, லைன் வீடு, காலனி. லைன் வீட்டுப் பிள்ளைகள் இருபத்தொரு பேர், வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசுகிறார்கள். அப்பாக்கள் இரும்பு உலையில் நிற்பவர்கள். பதினான்கு பேர் செங்கல் சூளைப் பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகள். மிச்சம் எல்லாம் காலனி. இரவு ஷிப்ட்டில் பெட்டி கட்டிவிட்டு நேராக வகுப்புக்கு வந்து, முதல் பீரியடில் மேஜைமேல் தலை சாய்க்கிறவர்கள் ஒன்பது பேர். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள் ஒருத்தி.

இத்தனை பேரில் 'ஊர்' என்று எழுத வேண்டி வந்தது ஒரு தடவைகூட இல்லை. நெல்லிமேட்டில் ஊர் என்றால் நெல் வயலுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கும் மூன்று தெரு. காலனி என்றால் அந்த வயலில் ஒரு காலத்தில் இறங்கியவர்கள் இருக்கும் இடம். பள்ளி திறந்து ஒன்பது வருஷமாகியும் ஊரிலிருந்து ஒரு பிள்ளையும் வாசல் மிதிக்கவில்லை.

பள்ளியை மூடச் சொல்லி ஆதிகேசவன் போட்ட மனுவில் முதல் வரியே இதுதான்: எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூடப் படிக்காத பள்ளிக்கூடம் எங்கள் ஊரில் எதற்கு? ஆதிகேசவனை உங்களுக்குத் தெரியும். நாற்பது ஏக்கர், இரண்டு ரைஸ் மில், மகன் வசந்தகுமார் பெயரில் ஒரு மெட்ரிக் பள்ளி. அரசுப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் அவர் நிலத்தைக் கன்டெய்னர் நிறுத்தக் கேட்கிறார்கள். நெடுஞ்சாலையிலிருந்து லாரி திரும்பி உள்ளே போக வேண்டுமானால் நடுவில் நிற்கும் பள்ளி போயாக வேண்டும். மனுவில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூடக் கிடையாது.

விக்டோரியாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். அதற்குக் காரணம் லாரி இல்லை, அவளுடைய தம்பி அன்பு.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், வேறொரு அரசுப் பள்ளியில், அன்பு பத்தாவதில் நானூற்று நாற்பத்தொன்று வாங்கினான். அதே வகுப்பில் வசந்தகுமார் முந்நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த வாரமே ஆய்வகத்து நுண்ணோக்கி காணாமல் போனது. அன்றைய பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஆதிகேசவன், எடுத்தது சாலமோன் பையன் அன்புதான் என்றார். ஒரு விசாரணையும் இல்லை. டி.சி.யில் நடத்தை என்ற இடத்தில் 'திருப்தி இல்லை' என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு அவன் ஏறி இறங்காத மேல்நிலைப் பள்ளி இல்லை. மூன்று மாதம் கழித்து நுண்ணோக்கி ஆய்வக பீரோவின் பின்னாலேயே கிடைத்தது. டி.சி.யைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

அன்பு ரோலிங் மில்லுக்குப் போனான். இரண்டாம் வருஷம் வலது கையில் இரண்டு விரல் போனது. அந்தக் கையோடு உழைத்துத்தான் அக்காவை பி.எட். வரைக்கும் படிக்கவைத்தான். விக்டோரியா இன்றைக்கும் தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். தம்பி மகள் கிறிஸ்டினா, மஞ்சள் காமாலையில் ஒரு வருஷம் போனபின், அத்தையின் பள்ளியிலேயே பத்தாவது படிக்கிறாள்.

பழி வாங்க வேண்டும் என்று நினைப்பதே பாவம் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொல்கிறார்கள். விக்டோரியா தலையை ஆட்டிக்கொண்டு கேட்பாள். திங்கட்கிழமை காலையில் அவள் மனசு பழையபடி ஆதிகேசவனிடம் போய் நின்றுவிடும்.

இப்போது ஸ்கூட்டிக்கு வருவோம்.

பதினொரு மணி இருக்கும். இறங்கியது ஆதிகேசவனின் மகள் அருணா. புருஷன் பொதட்டூர்பேட்டையில் வேறொரு குடித்தனம் வைத்துக்கொண்டதால் ஐந்து வருஷமாக அப்பா வீட்டில் இருப்பவள். பின்னால் உட்கார்ந்திருந்தது அவள் மகள் ரம்யா, பதினைந்து வயசு. மெட்ரிக் பள்ளி யூனிஃபார்ம் போட்டிருந்தாள், ஆனால் சட்டையில் பள்ளியின் பேட்ஜ் இல்லை.

"டீச்சர், இவள பத்தாவதுல சேக்கணும்" என்றாள் அருணா.

விக்டோரியா டி.சி.யை வாங்கிப் பார்த்தாள். வசந்தகுமார் பள்ளியின் முத்திரை.

"உங்க அண்ணன் ஸ்கூல்தானே? அங்கேயே படிக்கலாமே."

பதில் சொன்னது ரம்யா.

"ஒம்போதாவதுல கணக்குலயும் சயின்ஸ்லயும் போயிடுச்சு மிஸ். பத்தாவதுக்கு உட்டா ரிசல்ட் கெட்டுடும்னு மாமா பதினாலு பேருக்கு டி.சி. குடுத்துட்டாரு. அதுல நானும் ஒருத்தி. கேட்டுக்கு மேல பேனர் கட்டியிருக்காங்க இல்ல, நூறு பர்சென்ட்டுன்னு? அது எங்கள கழிச்சிட்டுப் போட்ட நூறு."

"டவுன் ஸ்கூல்?"

"எடமில்லன்னுட்டாங்க" என்றாள் அருணா. "நாலு நாளா அலையிறோம். எல்லாரும் மார்க்கப் பாக்கறாங்க, பேப்பரத் திருப்பிக் குடுத்துடறாங்க. உங்களுக்கு எங்க ஊட்டு மேல கோவம் இருக்கும், எனக்குத் தெரியும். பொண்ண மட்டும் பாருங்க."

விக்டோரியா டி.சி.யில் நடத்தைப் பகுதிக்குப் போனாள். 'நன்று' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்த வீட்டுப் பிள்ளை தேறாமல் போனாலும் நன்று. எங்கள் வீட்டுப் பிள்ளை முதல் மார்க் வாங்கினாலும் திருப்தி இல்லை.

பேப்பரை மடித்து அவள் கையிலேயே கொடுத்து, 'இடமில்லை' என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் விக்டோரியா ஆத்திரத்திலும் கணக்குப் போடத் தெரிந்தவள். இவளைச் சேர்த்தால் அறுபது. பள்ளியை மூட மனு போட்டவரின் சொந்தப் பேத்தியால் பள்ளி பிழைக்கும். இதைவிட நல்ல அடி ஒன்றை அவள் ஆயுசு முழுக்க யோசித்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

சேர்ப்பதற்கு அம்மா கையெழுத்தே போதும். அது விக்டோரியாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தபடி கேட்டாள்:

"ரேஷன் கார்டுல குடும்பத் தலைவர் யாரும்மா?"

"நைனாதான்."

"அப்ப அவர்தான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். நாலு மணிக்குள்ள."

"அய்யோ, அவரு இங்க வரவே மாட்டாரு டீச்சர்."

"அப்ப என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அருணா வேப்பமரத்தடிக்குப் போய் போன் செய்தாள். அவள் என்ன பேசினாள் என்பது முதலில் கேட்கவில்லை. கடைசியில் சத்தம் போட்டது மட்டும் அறைவரைக்கும் வந்தது. "நீ வரலன்னா நான் இவள இட்டுக்கினு பொதட்டூர்பேட்டைக்கே போய்டறேன் நைனா. அந்தாளு ஊட்டுலயே ஒரு மூலைல கெடக்கறோம். அப்புறம் ஊரு இன்னா பேசுதோ நீயே கேட்டுக்கோ."

பகல் பூராவும் விக்டோரியாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடையில் அன்புவும் போன் செய்தான். காலை ஷிப்ட் முடிந்து பழவேற்காடு ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். இறால் உரிக்கிற ஷெட்டில் ஒரு ஒடியாப் பெண் இருக்கிறாள், படிக்க ஆசைப்படுகிறாள், நாலரைக்குள் அழைத்துவருகிறேன் என்றான். ஏற்கெனவே போன இரண்டு வாரத்தில் சூளை சூளையாகப் பைக்கில் சுற்றி நான்கு பெண்களைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். அருணா வந்த விஷயத்தை விக்டோரியா அவனிடம் சொல்லவில்லை. முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம், சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள்.

மூன்றே முக்காலுக்கு வெள்ளைக் கார் வந்தது.

ஆதிகேசவனுக்கு எழுபத்திரண்டு வயசு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலைக்கு மை. வகுப்பறைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். தலைமை ஆசிரியை அறைக்குள் வந்ததும் நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சாலமோன் பொண்ணுதான நீ? நல்லா கீறியாம்மா?"

"உக்காருங்க சார்" என்றாள் விக்டோரியா, அவர் உட்கார்ந்த பிறகு. அவள் அப்பா இந்த மனிதரை கடைசிவரை ஆண்டே என்று கூப்பிட்டே செத்தவர். 'சார்' என்ற சொல் அவர் காதில் எப்படி விழுந்தது என்று அவள் ஆசையோடு பார்த்தாள். லேசாகத்தான் புருவம் சுருங்கியது. அதுவே அவளுக்கு இனித்தது.

"பெரிய விஷயமில்ல" என்றார் அவர். "எங்க போடணும் கையெழுத்து?"

"உங்க ஊர்ப் புள்ளைங்க ஒண்ணும் இங்க படிக்கலன்னு மனு போட்டீங்களே சார். இப்ப பேத்தியையே கொண்டாந்திருக்கீங்க."

அவர் சிரித்தார். அருணாவையும் ரம்யாவையும் வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு மேஜைப் பக்கம் சாய்ந்தார்.

"உன்கிட்ட மறைச்சு இன்னா ஆவப்போவுது? அடுத்த மாசம் இந்த ஸ்கூல டவுன் ஸ்கூலோட சேக்கப் போறான். சேக்கும்போது புள்ளைங்க பேரெல்லாம் மொத்தமா அங்க போய்டும். நேராப் போனா எடமில்லன்றான். இப்பிடிப் போனா எவனும் கேள்வி கேக்க முடியாது. ஒரு மாசம் இந்தப் பசங்களோட உக்காந்துட்டுப் போவட்டுமே, இன்னா கொறஞ்சிடும்?"

"சேத்துடுவாங்கன்னு அவ்வளவு உறுதியா சொல்றீங்களே?"

"உன் கணக்கு அம்பத்தஞ்சுதானம்மா? ஜூன் மாசக் கணக்கு எங்கிட்ட கீது. எல்லாம் தெரிஞ்சுதான் பேசறேன்."

ஜூன் மாதக் கணக்கு அது. அதற்குப்பின் சூளையிலிருந்து வந்த நான்கு பெண்களை ஆதிகேசவன் எண்ணவில்லை. எப்படி எண்ணுவார்? சூளைப் பிள்ளைகளும் லைன் வீட்டுப் பிள்ளைகளும் அவர் கண்ணுக்கு என்றைக்குத் தெரிந்தார்கள்? இத்தனை அறையையும் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு தடவை தலையை எண்ணியிருந்தால் போதும்.

விக்டோரியா முகத்தை ஒரு கோடு அசையாமல் வைத்துக்கொண்டாள். விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உறுதிமொழிய ஒருவாட்டி வாய்விட்டுப் படிச்சிட்டுப் போடுங்க சார். அதுதான் நடைமுறை."

அப்படி ஒரு நடைமுறை எந்தப் பள்ளியிலும் இல்லை. ஆதிகேசவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். "என் குடும்பத்தைச் சேர்ந்த ரம்யாவை, நெல்லிமேடு அரசு இணைப்பு உயர்நிலைப் பள்ளியில், என் முழு விருப்பத்துடன் சேர்க்கிறேன். இப்பள்ளியின் வளர்ச்சிக்கு ஒத்துழைப்பேன்." கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். வசிப்பிடம் என்ற இடத்தில் விக்டோரியாவே தன் கையால் எழுதினாள்: நெல்லிமேடு, ஊர்.

பேப்பரை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்பத்தஞ்சு இல்ல சார். அம்பத்தொம்பது. உங்க பேத்தி அறுபதாவது."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அந்தச் சற்று நேரத்தை விக்டோரியா ஒரு சொட்டு விடாமல் அனுபவித்தாள்.

"இன்னா சொல்ற நீ?"

"ஸ்கூலு மூடாது. உங்க பின்பக்க நிலத்துக்கு லாரி போற வழியும் வராது. மனுல எங்க ஊர்ப் புள்ள ஒண்ணுகூட இல்லன்னு எழுதினீங்க. இருக்குதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. ஒரு ஜெராக்ஸ் வேணுமா?"

ஆதிகேசவன் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அந்தப் பேப்பரக் குடுடி! ஏய் அருணா, வா, போவலாம். பொண்ண இட்டுக்கினு வண்டில ஏறு!"

அருணா உள்ளே ஓடி வந்தாள். அப்பாவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரம்யா மட்டும் வாசற்படியிலேயே நின்றாள்.

"நான் வரல தாத்தா. மாமா ஸ்கூல்லேந்து தொரத்துனாங்க. இங்கேந்தும் நீ தொரத்தாத."

"பெரியவங்க பேசறப்போ வாய மூடு!"

"என்னை எங்க சேக்கறதுன்னு எனக்கும் ஒரு வார்த்தை இருக்குதில்ல? இங்கதான் படிப்பேன்."

அருணா மெதுவாக மகள் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஆதிகேசவன் இருவரையும் பார்த்தார். வெளியே ஜன்னல் ஜன்னலாகப் பிள்ளைகள் முகம். சாலமோன் வீட்டுப் பெண் எதிரில், சூளைப் பிள்ளைகள் பார்க்க, சொந்தப் பேத்தியிடம் அவர் தோற்று நின்றார். அவர் படியிறங்கியபோது வேட்டி தடுக்கி, முத்தம்மாதான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தாள். அவர் அந்தக் கையை உதறிவிட்டுப் போனார்.

கார் போனதும் விக்டோரியா கதவைச் சாத்திக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தாள். பழிக்கு ருசி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை இனித்தது.

கம்ப்யூட்டரில் ரம்யாவின் பெயரை ஏற்றினாள். அறுபது. 'சமர்ப்பி' என்ற பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அழுத்திவிட்டால் அப்புறம் ஒரு பெயரையும் சேர்க்க முடியாது, எடுக்கவும் முடியாது. அன்பு அந்த ஒடியாப் பெண்ணோடு வருவான், அறுபத்தொன்றாக அனுப்பலாம் என்று காத்திருந்தாள்.

நாலரை தாண்டி அன்பு வந்தான். தனியாக வந்தான்.

"அந்தப் பொண்ணு நேத்து நைட்டே ரயில் ஏறிடுச்சாம்க்கா" என்றான். அவன் சட்டையெல்லாம் புழுதி. உட்காரவில்லை. "வழியில ஆதிகேசவன் காரப் பாத்தேன். இங்கேந்துதான் போவுதுன்னாங்க. இன்னாத்துக்கு வந்தான்?"

விக்டோரியா சொன்னாள். ஆசை ஆசையாக, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் உறுதிமொழி படித்ததை, நாற்காலி விழுந்ததை, வேட்டி தடுக்கியதை. தம்பி சிரிப்பான் என்று பார்த்தாள். அவன் முகம் இறுகிக்கொண்டே போனது.

"அந்த ஊட்டுப் பொண்ண சேத்துக்கின?"

"அன்பு, அவளாலதான் அறுபது வந்தது. அவனுடைய வாயாலயே..."

"எனக்கு ஒரு ஸ்கூலும் கதவத் தொறக்கலக்கா. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சோழவரம் வரைக்கும் சைக்கிள்ல போனேன். அவன் பேத்தி ஃபெயிலாயிட்டு வந்து நிக்கிறா, நீ ஒரே நாள்ல சேர் போட்டுக் குடுக்கற. இது பழி வாங்கனதா? அவனுக்கு வேலை செஞ்சு குடுத்திருக்க நீ."

"ஸ்கூல் பொழைச்சிடுச்சுடா."

"மூடட்டுமே! அவன் கால்ல உழுந்து பொழைக்கறதுக்கு மூடிட்டுப் போவட்டும்."

"யாரும் யார் கால்லயும் விழல. நீயே கூட்டிட்டு வந்த சூளைப் பொண்ணுங்க நாலு பேர் பதினோரு கிலோமீட்டர் நடந்து போவாங்களா? நாளைக்கே மண்ணு மிதிக்கப் போய்டுவாங்க."

அவன் மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தான். மூன்று விரலால் பேனாவைப் பிடித்து எழுதத் தொடங்கினான். மெதுவாகத்தான் எழுதுவான், ஆனால் எழுத்து இன்றைக்கும் முத்து முத்தாக இருக்கும். எழுதி முடித்து அவள் முன்னால் வைத்தான்.

என் மகள் கிறிஸ்டினாவுக்கு உடனே டி.சி. வழங்கி, அவள் பெயரைப் பதிவிலிருந்து நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"அந்தப் பொண்ணு உக்கார்ற வகுப்புல என் பொண்ணு உக்கார மாட்டா. இன்னிக்குத் தேதி போட்டு வாங்கிக்கோ. சீல் குத்து."

விக்டோரியா மணியைப் பார்த்தாள். நான்கு நாற்பத்தொன்று. இதை வாங்கினால் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் ஐம்பத்தொன்பது.

"அன்பு, வீட்ல பேசிக்கலாம்."

"இது ஊட்டு விஷயமில்ல. நீ ஹெட்மிஸ்ட்ரஸ், நான் பேரன்ட். வாங்கிக்கோ."

அவளால் தாளைத் தொட முடியவில்லை. அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எத்தனை நாள் ராத்திரி இதற்காக விழித்திருக்கிறாள், இவனுக்கு ஏன் புரியவில்லை? ஐந்து மணிவரை தாக்குப்பிடித்தால் போதும் என்று மட்டும் அவள் புத்திக்கு எட்டியது.

"இப்ப வாங்க முடியாது" என்றாள். "அஞ்சரைக்கு வா."

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட சொல் என்று அவளுக்குத் தெரிந்தது.

அன்பு மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினான்.

"என் டி.சி.ய மாத்திக் குடுங்கன்னு அப்பா மனு எழுதிக்கினு போனாரு, ஞாபகம் கீதா? ஹெட்மாஸ்டரு ரூம் வாசல்ல. நீயும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்த. உள்ளேந்து ஆதிகேசவன் இன்னா சொன்னான்? இப்ப வாங்க முடியாது, நாளைக்கு வா."

விக்டோரியா மறுபடியும் மணியைப் பார்த்தாள்.

"பேனா அவன் கையிலேந்து உன் கைக்கு வந்திருக்குது. அவ்ளோதான்க்கா."

அவன் தாளைத் திரும்ப எடுத்தான். அதன் அடியில், நின்றபடியே, இன்னும் ஒரு வரி எழுதினான். எழுதியதை அவளுக்குக் காட்டினான். மாலை 4.46. தலைமை ஆசிரியை வாங்க மறுத்தார். வாசலில் நின்ற முத்தம்மாவைக் கூப்பிட்டு, எதிரில் நடந்ததைத்தானே எழுதியிருக்கிறேன் என்று கேட்டு, சாட்சியாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். அந்தப் பாவி மனுஷியும், அக்கா தம்பி விவகாரம், நம்மை ஏன் இழுக்கிறார்கள் என்ற பயத்தில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்பு போனான். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான்கு ஐம்பத்தாறுக்கு விக்டோரியா பொத்தானை அழுத்தினாள். பதிவு ஏற்கப்பட்டது, மாணவர் எண்ணிக்கை அறுபது என்று வந்தது. மூன்று வாரமாக அவள் பார்க்கத் துடித்த எண் அதுதான். இப்போது அதைப் பார்த்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கதவு தட்டாமலே திறந்தது. கிறிஸ்டினா. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அவளுக்குப் பின்னால் ரம்யாவும் நின்றாள்.

"அத்தை, அப்பா என்னை ஏத்திக்காமயே போய்ட்டாரு. கூப்ட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"வீட்டுக்குத்தான் போயிருப்பான். நீ முகத்தைக் கழுவு."

"ஊட்டுக்கு இல்ல அத்தை. காலனிக்கு ரைட்லதான திரும்பணும்? அவரு லெஃப்ட்ல போனாரு. ஊருக்குள்ள."

இருபத்தைந்து வருஷமாக அன்பு அந்த மூன்று தெருவில் கால் வைத்ததில்லை. சாவு மேளத்துக்குக் கூப்பிட்டபோதும் போகாதவன்.

"எங்க ஊட்டுக்கா போறாரு?" என்றாள் ரம்யா. அந்த இரண்டு பெண்களும் ஒருவரோடு ஒருவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். கிறிஸ்டினா அவளைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

விக்டோரியாவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. ஐந்து மணிக்கு முன்பே பெற்றோர் கொடுத்த கடிதத்தை வாங்க மறுத்தாள் என்று எழுத்தில் இருக்கிறது, சாட்சியும் இருக்கிறது. அந்த ஒரு தாள் ஆதிகேசவன் கைக்குப் போனால் அறுபது ஐம்பத்தொன்பதாகிவிடும். பள்ளியும் போகும், அவள் வேலையும் போகும். ஆனால் அன்பு இருபத்தைந்து வருஷமாக அந்த மனிதரை மனசுக்குள் வெட்டிக்கொண்டே இருப்பவன். இன்று அவன் அந்த வாசலில் போய் நின்று கையை ஓங்கப்போகிறானா, அந்தத் தாளை நீட்டப்போகிறானா?

அவள் செருப்பைக்கூட மாட்டவில்லை. மகளுக்காகக் காத்திருந்த அருணாவை ஸ்கூட்டியைக் கிளப்பச் சொல்லி வேப்பமரத்தடிக்கு ஓடினாள். தம்பி யார்மேலும் கை ஓங்காமல் காத்துக்கொள்ளும் என்று எத்தனையோ வருஷம் ஜெபித்தவள், என் தம்பி அந்த ஆளை அடிக்கத்தான் போயிருக்கணும் ஆண்டவரே என்று வேண்டிக்கொண்டே ஓடினாள்.